மூன்று மூட்டைச் சுண்ணாம்பு

இப்போதெல்லாம் மனிதர்களுக்கு மூக்கு என்பது கண்ணாடி மாட்டிக்கொள்ள மட்டும்தான். நாற்றம் அடிக்கிறதா என்று கேட்டால் முகர்ந்து பார்த்துச் சொல்ல ஆள் கிடையாது. ஒரு கருவியை நீட்டுகிறார்கள். அதில் எண் ஓடுகிறது. எண் பெரிதாக இருந்தால் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள், சின்னதாக இருந்தால் கையை எடுத்துவிடுகிறார்கள். நடுவில் மூக்குக்கு என்னய்யா வேலை என்று கேட்டால் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

கறி மட்டும் எல்லாருக்கும் வேண்டும். மெல்லிசாகச் சீவி, அழகாக அடுக்கி, ஈ மொய்க்காமல் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கவேண்டும். அது நாலு காலில் நின்ற காலத்தில் சாணியும் போட்டது என்றால் முகம் சுளிக்கிறார்கள். தின்கிறவன் சுளித்தால் போகட்டும். பன்றிப் பண்ணையிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கும் அந்தச் சுளிப்பு வந்துவிட்டதே, அதுதான் என் வீட்டுக் கதை.

சுளிப்பு என்று சொன்னால் என் வீட்டுக்காரி சண்டைக்கு வருவாள். "சுளிப்பா அது? புள்ள மூச்சு விட முடியாம கெடக்கான்!" சரி, இருமல் என்றே வைத்துக்கொள்வோம்.

போன வாரம் மகனை டாக்டரிடம் அழைத்துப் போனோம். அவன் முதுகில் குழாயை வைத்துக் கேட்ட டாக்டர், கழிவிலிருந்து கிளம்புகிற அம்மோனியா இவன் நெஞ்சை அரித்துவிட்டது, இனி கொட்டகைக் காற்றில் நிற்கவே கூடாது என்றார். டவுன் ஐஸ் ஃபேக்டரி மேஸ்திரி, வந்தால் வேலை தயார் என்று சொல்லியிருந்தார். மகனும் மருமகளும் பெட்டி கட்டுவதாகத்தான் இருந்தது. கடைசியில் மருமகளே ஒரு வழி சொன்னாள். கழிவில் ஆசிட் கலந்து பார்ப்போம். காற்று சரியானால் இருப்போம். இல்லாவிட்டால் கிளம்புவோம்.

மேஸ்திரிக்கு நாளைக்குள் பதில் சொல்லவேண்டும். ஆகையால் ஆசிட் ஊற்றுகிற நாள் இன்று. சாயங்காலம் தீனி போடும்போது என் மகன் கொட்டகைக்குள் இருமாமல் நிற்கவேண்டும். நின்றால் அவன் எனக்குப் பிள்ளை. இருமினால் ஐஸ் ஃபேக்டரிக்குப் பிள்ளை.

அந்த ஐஸ் ஃபேக்டரியில் குளிர வைப்பதும் இதே அம்மோனியாதானாம். இதைக் கண்டுபிடித்து நான் சொன்னபோது மருமகள், "அது குழாய்க்குள்ள இருக்கும் மாமா" என்றாள்.

இங்கே மட்டும் என்ன, குழிக்குள்தானே இருக்கிறது!

விடிந்தும் விடியாமலும் எழுந்துவிட்டேன். படுக்கை முள்ளாகக் குத்தினால் யார்தான் படுத்திருப்பார்கள்? பன்றிகளை எல்லாம் முந்தின நாளே பின்பக்கத் திறந்த பட்டிக்கு ஓட்டிவிட்டிருந்தார்கள். கொட்டகை காலியாகக் கிடந்தது. என் வாழ்நாளில் அதை அப்படிச் சத்தமில்லாமல் பார்த்ததில்லை.

எங்கள் கொட்டகைத் தரை, இடைவெளி விட்டுப் போட்ட சிமெண்டுக் கட்டைகள். பன்றி போடுவதெல்லாம் அந்தச் சந்து வழியாகக் கீழே குழியில் விழும். குழியில் இடுப்பளவுக் கழிவு கரைந்து கிடக்கும். அதிலிருந்து கிளம்புகிற காற்றுதான் கண்ணை எரிக்கும், மூக்கைப் பிடுங்கும். அதில் ஆசிட்டைக் கலந்தால் அம்மோனியா மேலே பறக்காமல் கழிவுக்குள்ளேயே கட்டுப்பட்டுக் கிடக்கும், அப்புறம் வயலுக்கு நல்ல உரமாகும் என்பது மருமகள் கட்சி. அவள் கல்யாணத்துக்கு முன்னால் பால் ஃபேக்டரியில் பால் புளித்ததா இல்லையா என்று சோதித்துக்கொண்டிருந்தவள். புளிப்பு என்றால் அவளுக்குத் தெரியாதது இல்லையாம்.

எனக்கு ஆசிட்டின் மேல் துளி நம்பிக்கை கிடையாது. டிராக்டர் பேட்டரியிலிருந்து ஒரு சொட்டு தெறித்து என் பேன்ட்டில் விரல் போகிற ஓட்டை விழுந்தது. துணியைத் தின்கிற சாமான் பிள்ளையின் நெஞ்சை ஆற்றுமா?

நாற்றத்துக்கு மருந்து சுண்ணாம்பு. சாக்கடையா, சுண்ணாம்பு போடு. செத்த எலியா, சுண்ணாம்பு போடு. தரை கழுவிவிட்டு நான் தூவாத வாரம் கிடையாது. ஆனால் இத்தனை நாளும் தரையில் ஒரு பிடி தூவினேனே தவிர, குழிக்குள் மூட்டையாகப் போட்டதில்லை. அங்கேதான் தப்பு என்று எனக்குப் பட்டது. அவள் ஆசிட்டும் ஊற்றட்டும், நான் சுண்ணாம்பும் போடுகிறேன். ஒரே காய்ச்சலுக்கு இரண்டு மருந்து. ஒன்று கைவிட்டாலும் இன்னொன்று காப்பாற்றும்.

மூன்று மூட்டை. சலவைத்தூள் மாதிரி வெள்ளை வெளேரென்று. மண்வெட்டியால் அள்ளிச் சந்துகளில் தள்ளி, ஒட்டினதைத் துடைப்பத்தால் கூட்டி, தண்ணீர் அடித்து இறக்கிவிட்டேன். கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர் வந்தது. சுண்ணாம்புத் தூசி என்று நினைத்துக்கொண்டேன். காலிச் சாக்குகளை மடித்துத் தீனித் தொட்டிக்குப் பின்னால் வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் டீ குடிக்க வந்து உட்கார்ந்தேன்.

"காலங்காத்தால எங்க போயிட்டு வரீங்க? சட்டையெல்லாம் வெள்ளை?" என்றாள் வீட்டுக்காரி.

"பல்பொடி."

"சட்டைக்கா பல்லு வெளக்கினீங்க?"

நான் டீயைக் குடித்தேன்.

ஆசிட்காரர் சின்ன லாரியில் வந்தார். நீலப் பீப்பாய்கள். மஞ்சள் கோட்டு, முழங்கை வரைக்கும் ரப்பர் உறை, முகத்துக்குக் கண்ணாடித் தட்டி. பன்றிப் பண்ணைக்கு வந்தாரா, நிலாவுக்குப் புறப்பட்டாரா தெரியவில்லை.

"பெரியவரே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

"எவ்வளவு தள்ளி?"

"பேரன் பேத்தி இருக்காங்களா?"

"இன்னும் இல்ல."

"அப்ப இன்னும் நாலடி தள்ளி. பாக்கணும்ல?"

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என் மகன் சிரிக்கப் போய் இருமினான். சிரிப்பு அதோடு நின்றது.

கொட்டகைக்கு வெளியே, முற்றத்தில் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டி வைத்திருந்தார்கள். பம்பு ஒன்று குழியிலிருந்து கழிவை இழுத்துத் தொட்டியில் விடும். அங்கே ஆசிட்டைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து, கலக்கி, மறுபடி குழிக்கே அனுப்பும். குழி முழுவதும் புளிக்கும் வரை இதே சுற்று.

பம்பைப் போடுவதற்கு முன்னால் மருமகள் எங்கள் எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்தாள். அவள் கழுத்தில் காற்றை அளக்கிற ஒரு கருவி தொங்கியது.

"நல்லாக் கேட்டுக்கோங்க. பம்பு ஓடற வரைக்கும் யாரும் கொட்டகைக்குள்ள காலெடுத்து வைக்கக்கூடாது. அம்மோனியாவுக்காகச் சொல்லல. கழிவைக் கலக்கும்போது வேற ஒரு காத்து வரும். அழுகின முட்டை மாதிரி நாறும். அந்த வாடை வந்தா ஓடணும்."

"சரி" என்றாள் என் வீட்டுக்காரி.

"வாடை வந்து பட்டுனு நின்னுடுச்சுன்னா இன்னும் வேகமா ஓடணும்."

நான் விடவில்லை. "வாடை நின்னா நல்லதுதானேம்மா?"

"நாத்தம் நிக்கல மாமா. உங்க மூக்கு செத்துப்போச்சுன்னு அர்த்தம். அடுத்த மூச்சுல ஆளும் சாஞ்சுடும்."

இவர்களுக்கு மூக்கின்மேல் நம்பிக்கை இல்லை என்பது இதற்கு முன்பே தெரியும். இப்போது மூக்கைச் சாகடித்தே விட்டார்கள்.

பம்பு உறுமியது. தொட்டி நிறைந்தது. மருமகள் புளிப்பை அளக்கிற, தடிமனான பேனா மாதிரி ஒன்றைக் கழிவில் நனைத்தாள். எண்ணைப் பார்த்தாள். உதறினாள். தண்ணீரில் கழுவி மறுபடி நனைத்தாள்.

"என்ன?" என்றான் மகன்.

"நேத்து ஏழரை காட்டுச்சு. இன்னைக்கு ஒன்பதைத் தாண்டி நிக்குது."

"கூடினா நல்லதா?"

"ஐயோ, புளிப்பு ஏறினா நம்பர் குறையணுங்க. அஞ்சரைக்கு வரணும். கூடக் கூட அம்மோனியா குபுகுபுன்னு கிளம்பும்." அவள் எங்கள் பக்கம் திரும்பினாள். "யாராவது குழியில ஏதாவது கொட்டினீங்களா?"

"யாரு கொட்டப்போறா?" என்றாள் என் வீட்டுக்காரி.

என்னைப் பார்த்துக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். பொதுவாகக் கேட்டாள். பொதுவாகக் கேட்ட கேள்விக்கு யாராவது பொதுவாகப் பதில் சொல்லட்டும் என்று இருந்துவிட்டேன்.

ஆசிட்காரர் பீப்பாய்க் குழாயைத் திறந்தார். மெதுவாகத்தான் திறந்தார். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் தொட்டியில் நுரை எழும்பியது. அடுப்பில் வைத்துவிட்டு மறந்த பால் போல, பழுப்பு நிறத்தில், கொழகொழவென்று மேலே வந்தது. விளிம்பைத் தொட்டது. அப்புறம் வழிந்தது. முற்றத்தில் வழிந்து, மருமகளின் ரப்பர் காலணியைச் சுற்றிக்கொண்டு, லாரிச் சக்கரம் வரைக்கும் போனது.

"மூடுங்க, மூடுங்க!" என்று கத்தினாள்.

ஆசிட்காரர் மூடினார். முகத் தட்டியைத் தூக்கிவிட்டு நுரையைப் பார்த்தார். இந்த முறை அவர் வேடிக்கை பேசவில்லை.

"கொஞ்சம் நுரைக்கும், அது வழக்கம். இது வழக்கம் இல்லம்மா. கால் பீப்பாய் போயிருக்கு, நம்பர் அசையல. உள்ள எதுவோ உக்காந்துக்கிட்டு ஊத்தறதை எல்லாம் தின்னுது. சுண்ணாம்பு மாதிரி ஏதாவது."

"சுண்ணாம்பா? எங்க வீட்ல சுண்ணாம்பு தரையில தூவறதோட சரி" என்றான் மகன். "அதுவும் ஒரு கைப்பிடி."

ஒரு கைப்பிடி என்று அவன் சொன்னபோது எனக்குத் தீனித் தொட்டிக்குப் பின்னால் இருந்த சாக்குகள் ஞாபகத்துக்கு வந்தன.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஒளிக்கப் போகவில்லை. நல்ல சாக்கு. மூன்றும் கிழியாத சாக்கு. அங்கேயே கிடந்தால் நனைந்து வீணாகும். எடுத்து வெயிலில் போடலாம் என்றுதான் போனேன். அந்த நேரத்தில்தான் போகவேண்டுமா என்று கேட்டால், நினைப்பு வந்த நேரத்தில்தானே போகமுடியும்?

அவர்கள் நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கொட்டகையின் பக்கக் கதவு வழியாக நுழைந்தேன்.

பம்பு ஓடிக்கொண்டுதான் இருந்தது. காலுக்குக் கீழே குழி கொதிப்பதுபோல் தளதளவென்று சத்தம். கண்ணைத் திறக்க முடியவில்லை. அம்மோனியா ஊசி ஊசியாக ஏறியது. என் ஆயுசில் அத்தனை காரமாக அது இருந்ததில்லை. அழுகின முட்டை வாடையும் வந்தது. வந்தால் ஓடணும் என்று சொன்னது காதில் இருந்தது. தீனித் தொட்டி இன்னும் பத்துத் தப்படிதான் என்று கால் சொன்னது.

சாக்கைக் குனிந்து எடுத்தேன். தலை லேசாக ஆடியது. டீ மட்டும் குடித்த வயிறு, அப்படித்தான் ஆடும்.

"அப்பா!"

பின்னாலிருந்து ஒரு கை என் காலரைப் பிடித்தது. என்னை ஒரு மூட்டையைப் போலத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனது. அவனுக்கு அவ்வளவு பலம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கதவருகே எங்களைப் பார்த்து ஓடிவந்த மருமகள் வாசற்படியில் ஒரு காலை வைத்துவிட்டாள். "நிறுத்துங்க, பம்பை நிறுத்துங்க!" என்று அவள் அலறியது கேட்டது. ஆசிட்காரர் சுவிட்சுக்கு ஓடினார். உறுமல் அடங்கியது.

வெளியே வந்து விழுந்தோம். எனக்கு இரண்டு இருமல். அவ்வளவுதான். மகன் மண்ணில் முழங்கால் போட்டு இருமினான். நிற்கவில்லை. முகம் சிவந்து, நரம்பு புடைத்து, மூச்சை இழுக்க இழுக்க அது வராமல் அவன் இருமினான். மருமகள் இன்ஹேலரை எடுத்து வாயில் வைத்து அழுத்தினாள். "இழுங்க, இழுங்க, இன்னும் ஒரு தடவை" என்று காதோடு சொல்லிக்கொண்டே இருந்தாள். என் வீட்டுக்காரி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மெதுவாக மூச்சு திரும்பியது. அவன் தலையைத் தூக்கினான். என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தான்.

மூன்று சாக்கும் என் கையில் இருந்தது. வெள்ளையாக.

என் வீட்டுக்காரிதான் முதலில் வாயைத் திறந்தாள். "பல்பொடியா இது? பல்பொடியா? பெத்த புள்ளையைக் கொல்லப் பாத்தியே மனுஷா! காலையில கேட்டேன், பல்பொடின்னியே!" கல்யாணமான நாளிலிருந்து என்னை 'நீங்க' என்று சொன்னவள். இன்று ஒருமையில் இறங்கிவிட்டாள். ஆசிட்காரர் லாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். நாகரிகம் தெரிந்த மனுஷன்.

மருமகள் திட்டவில்லை.

"எத்தனை மூட்டை மாமா?"

"மூணு."

"மூணும் குழியிலயா?"

"நல்லதுக்குத்தான் போட்டேன். ரெண்டும் சேந்தா நாத்தம் ஓடிடும்னு..."

அவள் உதடு அசைந்தது. கணக்குப் போட்டாள். எழுந்து ஆசிட்காரரிடம் போனாள். "இன்னும் ஒரு பீப்பாய் வேணும். சொட்டு சொட்டா விடுவோம். நுரை எழும்பினா நிறுத்தி, அடங்கினதும் விடுவோம். சாயங்காலம் ஆனாலும் பரவாயில்ல." அவள் திட்டியிருந்தால் என்னிடம் பதில் இருந்தது. எத்தனை மூட்டை என்று கேட்பவளிடம் என்ன பேசுவது?

பகல் முழுவதும் நான் உட்காரவே இல்லை. கேட் வரைக்கும் போவேன். திரும்புவேன். பட்டியில் பன்றிகள் வெயிலில் சேற்றைக் கிளறிக்கொண்டு கிடந்தன. அதுகளுக்கு இது விடுமுறை. மொட்டைவாலி என்று ஒரு தாய்ப் பன்றி, குட்டி போட நாள் நெருங்கியது, வேலியில் உடம்பைத் தேய்த்துக்கொண்டு என்னைப் பார்த்தது. "என்னடி பாக்கற?" என்றேன். அதுவும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஒரு பன்றிகூட இன்றைக்கு என் பக்கம் இல்லை.

மகன் வராந்தா நாற்காலியில் முழங்காலில் கையை ஊன்றி உட்கார்ந்திருந்தான். தோள் ஏறி ஏறி இறங்கியது. நான் தூணோரம் நின்றேன்.

"உள்ள ஏன்டா வந்த?"

"நீங்க உள்ள போனீங்களே."

"எனக்கு ஒண்ணும் ஆகல. நெஞ்சு சரியில்லாதவன் நீ எதுக்கு வரணும்?"

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். முற்றத்தில் அவன் பெண்சாதி தொட்டிக்குப் பக்கத்தில் நின்று பேனாவை நனைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள். எட்டு என்று குரல் கொடுத்தாள். ரொம்ப நேரம் கழித்து ஏழு. அப்புறம் நுரை. நிறுத்தம். மறுபடி சொட்டு. ஆறரை. ஒவ்வொரு எண்ணுக்கும் என் வீட்டுக்காரி சமையலறை ஜன்னலில் தலையை நீட்டி, "என்ன ஆச்சும்மா?" என்றாள். எனக்குச் சோறு போட்டாள். தட்டை வைத்த சத்தத்திலேயே பாதிப் பசி போய்விட்டது.

நிழல் நீண்டபோதுதான் மருமகள், "அஞ்சரை!" என்றாள். குரல் கட்டிப்போயிருந்தது.

பம்பை நிறுத்தினார்கள். கொட்டகையின் எல்லாக் கதவுகளையும் திறந்து, விசிறிகளைப் போட்டு, காத்திருந்தார்கள். மருமகள் கருவியை முன்னால் நீட்டிக்கொண்டு தான் மட்டும் உள்ளே போனாள். ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரைக்கும் நடந்து, திரும்பி வந்து, தலையை ஆட்டினாள். பன்றிகளை ஓட்டிவந்து அடைத்தோம். அதுகள் ஒன்றும் கேட்காமல் உள்ளே போய் அதனதன் மூலையில் படுத்துவிட்டன. வழக்கமாக முட்டி மோதித் தும்மிக்கொண்டு போகும் கூட்டம்.

மகன் எழுந்து தீனி வாளியை எடுத்தான்.

"இன்னைக்கு வேணாம்ப்பா. நாளைக்குப் பாக்கலாம்" என்றாள் அவன் அம்மா.

"நாளைக்குப் பதில் சொல்லணும்மா. இன்னைக்குத்தான் பாக்கணும்."

அவன் உள்ளே போனான். நாங்கள் வெளியே நின்றோம். ஆசிட்காரரும் லாரியில் ஏறாமல் நின்றார்.

காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். தீனி விழுகிற சத்தம். பன்றிகள் ஒன்றை ஒன்று தள்ளிக் கத்துகிற சத்தம். வாளி தொட்டியில் இடிக்கிற சத்தம். முதல் வரிசை முடிந்தது. மருமகள் தன் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். இரண்டாம் வரிசையில் ஒரு கரகரப்பு கேட்டது. என் வீட்டுக்காரி என் கையைப் பிடித்துவிட்டாள். காலையில் நடந்ததை மறந்து பிடித்துவிட்டாள். அது மொட்டைவாலியின் செருமல். கையை விட்டுவிட்டாள்.

கடைசி வரிசை. வாளி காலியாகிக் கவிழ்ந்த ஓசை. அவன் வாசலுக்கு வந்தான்.

இருமவில்லை.

"கண்ணு எரியல" என்றான். கண்ணைத் தேய்த்துப் பார்த்துக்கொண்டான். "மூக்கு எரியல. உள்ள நின்னு மூச்சை நல்லா இழுத்துப் பாத்தேன். ஒண்ணும் இல்ல."

மருமகள் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்த ஒரு வாளியின்மேல் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். என் வீட்டுக்காரி மூக்கைச் சிந்தினாள். ஆசிட்காரர் என் தோளைத் தட்டி, "பெரியவரே, இப்ப பேரனுக்கு ஏற்பாடு பண்ணலாம்" என்று சொல்லிவிட்டு லாரியை எடுத்தார்.

நான் வாசலில் நின்று மூக்கை நீட்டினேன். காரம் இல்லை, வாஸ்தவம். ஆனால் புளித்து ஊசிப்போன ஒரு வாடை இருந்தது.

"நாறத்தானே செய்யுது?"

"நாறும் மாமா" என்றாள் மருமகள், முகத்தைத் துடைத்துக்கொண்டு. "நாத்தம் வேற, அம்மோனியா வேற."

"நாத்தத்துல ரகம் வேற இருக்கா?"

யாரும் சிரிக்கவில்லை. மகன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான்.

"மேஸ்திரிக்குத்தானே? பண்ணு, பண்ணு. வரலைன்னு சொல்லிடு" என்றேன்.

"சொல்றேன். அதுக்கு முன்னாடி நீங்க ஒண்ணு சொல்லணும்பா."

"நானா?"

"குழியில எது போடறதா இருந்தாலும் இவளைக் கேட்டுட்டுத்தான் போடுவேன். இவ போகாதன்னா உள்ள போகமாட்டேன். இதை ஒரு தடவை உங்க வாயால சொல்லுங்க. போதும்."

"என் கொட்டகை. என் குழி. நான் தோண்டின குழி."

"உங்க குழிதான். இல்லைன்னு யாரு சொன்னா?" அவன் குரலை உயர்த்தவில்லை. மூச்சு வாங்கி வாங்கிப் பேசினான். "நீங்க உள்ள போனீங்க. உங்க பின்னாடி நான் வந்தேன். என் பின்னாடி இவ வந்தா. ஒரு காலை உள்ள வச்சுட்டா. அடுத்தது அம்மா வந்திருப்பாங்க. இந்த மாதிரி குழியில ஒருத்தன் மட்டும் சாகறது கிடையாதுப்பா. ஒருத்தரைத் தூக்க ஒருத்தர்னு வீடே போயிடும். பம்பை நிறுத்த அந்த மனுஷன் கொஞ்சம் தாமதிச்சிருந்தா, இப்ப தீனி வைக்கக்கூட இங்க ஆள் இல்ல."

என் வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். மருமகள் தரையைப் பார்த்தாள்.

"காத்து இல்ல எனக்குப் பிரச்சினை. காத்தை இவ சரி பண்ணிட்டா" என்றான். "நீங்க சொன்னா இருக்கோம்."

ஒரு வரி. கேட்டுட்டுத்தான் செய்வேன் என்று ஒரே ஒரு வரி. என் பிள்ளை என் வீட்டிலேயே இருப்பதற்கு அதற்குமேல் ஒன்றும் வேண்டாம். வாயைத் திறந்தேன். அந்த வரியை இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை. என் அப்பனிடம்கூட.

"இன்னைக்குக் காத்து நல்லா அடிச்சுது" என்றேன். "சாயங்காலத்துல கதவெல்லாம் திறந்து கிடந்துச்சு. விசிறி வேற. இந்தக் காத்துல எவன் வேணா இருமாம நிப்பான். நாளைக்குக் கதவைச் சாத்திட்டு நிக்கட்டும், அப்ப பாப்போம் உங்க ஆசிட்டை."

"அப்பா, நான் கேட்டது அது இல்ல."

அவன் கேட்டது எது என்று எனக்குத் தெரியாதா?

போன் அவன் கையிலேயே இருந்தது. பட்டி வேலி ஓரமாக நடக்க ஆரம்பித்தேன். பின்னால் யாரும் கூப்பிடவில்லை. ஒரு சாயங்காலம் இருமவில்லை என்பதற்காக எதையும் நம்பிவிடுகிற ஆள் நான் இல்லை.